பொலியன்னா: ஒரு கதைச் சிறுமியும் அவளைக் கற்ற தலைமுறைகளும்

ஒரு நூலின் வரலாறு அதன் ஆசிரியர் கடைசி வரியை எழுதி முடித்த நாளோடு முடிந்துவிடுவதன்று. அச்சேறி வெளிவந்தபின் அந்நூல் வாசகரின் உடைமையாகின்றது. ஒரு தலைமுறையினர் அதிற் கண்ட பொருளை அடுத்த தலைமுறையினர் காண்பதில்லை. முன்னோர் போற்றியதைப் பின்னோர் எள்ளுவதும், பின்னோர் எள்ளியதை அவர்தம் மக்கள் மீண்டும் எடுத்து ஆராய்வதும் இலக்கிய உலகின் இயல்பாகும். நூலின் எழுத்து மாறுவதில்லை. கற்போர் நிற்கும் இடமே மாறுகின்றது.

கதைமாந்தரின் பெயர்கள் பொதுச்சொற்களாக வழங்குதலும் இவ்வியல்பின் ஒரு கூறேயாம். சூழ்ச்சிக்காரனைச் சகுனி என்றும், பெருந்துயில் கொள்வோனைக் கும்பகர்ணன் என்றும் தமிழர் கூறுவர். ஆங்கிலேயர் உலோபியை ஸ்குரூஜ் என்பர். இப்பெயர்களுக்கும் இவற்றைத் தாங்கிய கதைமாந்தருக்குமிடையே பெரும் பிணக்கொன்றுமில்லை. ஆயின், 1913 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'பொலியன்னா' என்னும் நாவலின் தலைவிக்கு நேர்ந்ததோ வேறு. பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாடே கொண்டாடிய அச்சிறுமியின் பெயர், பின்னர் உலகின் துன்பத்தைக் காண மறுக்கும் பேதையைச் சுட்டும் சொல்லாக ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அது நேரியதா, நூலை மீண்டும் கற்றோர் அதிற் கண்டதென்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் ஆசிரியரும்

எலினோர் ஹொட்ஜ்மன் போட்டர் அம்மையார் 1868 ஆம் ஆண்டு நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் லிற்றில்ரன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பொஸ்ரன் நகரிலுள்ள இசைக்கல்லூரியிற் பயின்று பாடகியாக விளங்கியவர். 1892 ஆம் ஆண்டு மணம்புரிந்து, பின்னர் எழுத்துத் துறையிற் புகுந்தார். அவர்தம் முதல் நாவல் 1907 இல் வெளிவந்தது. 'பொலியன்னா' 1913 இற் பொஸ்ரன் நகரப் பதிப்பகமொன்றால் வெளியிடப்பெற்றது. அதன் தொடர்ச்சியாகிய 'பொலியன்னா வளர்கிறாள்' என்னும் நூலை அவர் 1915 இல் எழுதினார். 1920 மே மாதம், தமது 51 ஆம் வயதில், மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே காலமானார்.

இந்நாவல் தோன்றிய காலத்தில் அனாதைச் சிறுமியின் கதை ஆங்கில நூலுலகிற்குப் புதியதன்று. சுவிற்சர்லாந்தின் 'ஹைடி' 1880 இலேயே தோன்றிவிட்டது. பேர்னெற் அம்மையாரின் 'சிறிய இளவரசி' 1905 இலும், கனடாவின் மொன்ற்கொமரி அம்மையார் எழுதிய 'பச்சை முகட்டு வீட்டு ஆன்' 1908 இலும் வெளிவந்தன. தாய்தந்தையரை இழந்த குழந்தையொன்று கடுமனம் படைத்த முதியோர் வீட்டிற்கு வந்து, அவர்தம் நெஞ்சை இளகச் செய்வதே இவற்றுட் பலவற்றின் அமைப்பாகும். இவை வெறுங் கற்பனையுமல்ல. நியூயோர்க் முதலிய கிழக்கு நகரங்களின் ஆதரவற்ற பிள்ளைகளைப் புகையிரதத்தில் ஏற்றி உள்நாட்டுக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் 1854 முதல் 1929 வரை அமெரிக்காவில் நிலவியது. ஆதரவற்ற பிள்ளைகளைப் பற்றி ஆராய 1909 இல் அந்நாட்டு ஜனாதிபதியின் மாளிகையில் ஒரு மாநாடு கூடியது. 1912 இற் சிறுவர்க்கென அரசாங்கப் பணியகமொன்று நிறுவப்பட்டது. எனவே, 'இப்பிள்ளையை யார் ஏற்பார்?' என்னும் வினா அக்காலத்து வாசகர் நெஞ்சில் உயிரோடிருந்த வினாவேயாகும்.

கதையின் சுருக்கம்

பொலியன்னா பதினொரு வயதுச் சிறுமி. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஏழைப் போதகராய்ப் பணிபுரிந்த தந்தை இறந்தபின், வேர்மொன்ற் மாநிலத்துப் பெல்டிங்ஸ்வில் என்னும் ஊரிலுள்ள தன் சிறிய தாயாரிடம் அனுப்பப்படுகின்றாள். பொலி ஹரிங்ரன் என்னும் அவ்வம்மையார் செல்வம் மிக்கவர்; மணமாகாதவர்; கடமை என்னும் சொல்லையன்றி அன்பு என்னும் சொல்லை அறியாதவர். தம் தமக்கை ஏழைப் போதகரை மணந்ததை அவர் மன்னிக்கவில்லை. ஆதலின், தந்தையைப் பற்றிப் பேசவே கூடாதென்று சிறுமிக்கு ஆணையிடுகின்றார். பெரிய மாளிகையில் எத்தனையோ அறைகள் இருப்பவும், கம்பளமும் படமும் கண்ணாடியும் இல்லாத மேன்மாடத்து வெற்றறையே அவளுக்கு அளிக்கப்படுகின்றது.

அச்சிறுமியிடம் ஒரு விளையாட்டு இருந்தது. அதன் பிறப்பு நினைவிற் கொள்ளத்தக்கது. அக்காலத்தில் எல்லைப்புறத்துப் போதகர் குடும்பங்களுக்குக் கிழக்கு மாநிலத்துத் திருச்சபையினர் பழம்பொருள்களைப் பீப்பாய்களில் அடைத்து அறமாக அனுப்புவர். பொலியன்னா ஒரு பொம்மை வேண்டுமெனக் கேட்டிருந்தாள். பீப்பா வந்தது; அதனுள் பொம்மை இல்லை; முடவர்க்கான சிறிய ஊன்றுகோல்கள் இருந்தன. அழுத குழந்தையை நோக்கித் தந்தையார், இவை நமக்கு வேண்டியதில்லையே என்று எண்ணி மகிழலாமே என்றார். எந்நிலையிலும் மகிழ்தற்குரிய ஒன்றைத் தேடிக் காணுதலே அவ்விளையாட்டாகும். தேடுவது எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு விளையாட்டுச் சுவையுடையது என்பது அதன் விதி.

இவ்விளையாட்டை அவள் ஊராருக்குக் கற்பிக்கின்றாள். எப்பொழுதும் இல்லாததையே வேண்டும் நோயாளியாகிய ஸ்னோ அம்மையார், தனித்து வாழும் செல்வராகிய பெண்டில்ரன், சபைப் பூசல்களால் மனமுடைந்த போதகர் போட் முதலியோர் படிப்படியாக மாறுகின்றனர். இறுதியில் மோட்டார் வண்டியொன்று மோதி அவளே கால்கள் செயலிழந்து படுக்கையிலாகின்றாள். அப்போது விளையாட்டு அவளுக்குக் கைகொடுக்கவில்லை. ஊரார் ஒவ்வொருவராக வந்து, அவளால் தாம் பெற்ற நன்மையைச் சொல்லிச் செல்கின்றனர். சிறிய தாயாரும் அவ்விளையாட்டைக் கற்கின்றார். தாம் முன்னர்ப் பிரிந்த வைத்தியர் சில்ரனை மணக்கின்றார். சிறுமியும் வைத்தியத்தின் பயனாய் மீண்டும் நடக்கின்றாள்.

முதல் வாசகர்கள்

இந்நூல் சிறுவர்க்கெனவே எழுதப்பட்டதென இன்று பலர் எண்ணுவர். ஆயின் 1913 இல் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற நாவல்களின் வரிசையில் அது எட்டாவதாகவும், 1914 இல் இரண்டாவதாகவும் நின்றது. 1915 இல் அதன் தொடர்ச்சி நான்காம் இடம் பெற்றது. இவை வளர்ந்தோர் வாங்கிய நாவல்களின் வரிசைகள் என்பது கருதற்பாலது. 1920 அளவில் நாற்பதுக்கு மேற்பட்ட மறு அச்சுக்கள் வெளிவந்திருந்தன. நாடெங்கும் 'மகிழ்ச்சிக் கழகங்கள்' தோன்றின. விளையாட்டுப் பொருள் வணிகர் 1915 முதல் அவள் பெயரால் ஒரு பலகை விளையாட்டையும் விற்றனர். 1916 இற் கதை நியூயோர்க் மேடையில் நாடகமாகியது. 1920 இல் மேரி பிக்போட் என்னும் புகழ்பெற்ற நடிகை, தமது 27 ஆம் வயதிற் பதினொரு வயதுச் சிறுமியாய்ப் பேசாப் படத்தில் நடித்தார்.

இப்பெரு வரவேற்பின் காரணம் காலத்தின் மனநிலையிலே தங்கியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூ இங்கிலாந்துப் பகுதியில், மனத்தின் நிலையே உடலின் நலத்தை ஆளும் என்னும் கொள்கையுடைய இயக்கங்கள் பல எழுந்தன. தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் 1902 இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில், இத்தகைய நம்பிக்கையுடையோரை நலமனத்தினர் என ஒரு வகையாகவும், உலகின் தீமையை ஆழ உணர்ந்தோரைப் பிணியுற்ற ஆன்மாவினர் என இன்னொரு வகையாகவும் பகுத்தார். நலமனத்தின் ஆற்றலை அவர் மறுத்தாரல்லர். எனினும் தீமையும் உலகின் மெய்யான ஒரு பகுதியே ஆதலின், அதனைக் காண மறுக்கும் தத்துவம் முழுமையுடையதாகாதெனத் தெளிவுபடுத்தினார். பொலியன்னாவை ஏற்ற முதல் வாசகர் ஜேம்ஸ் கூறிய முதல் வகையின் நிழலில் நின்றவர். அவர்களுக்கு அவள் ஒரு சிறு குருவாகவே தோன்றினாள். 1914 இல் ஐரோப்பாவிற் போர் மூண்டபோது அக்குருவின் தேவை மேலும் கூடியது.

பெயர் வசையாதல்

போர் முடிந்தது; மனநிலையும் மாறியது. கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட போரும், அதனையடுத்து வந்த 1918 ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சலும் மகிழ்ச்சி விளையாட்டைக் குழந்தைத்தனமாய்க் காட்டின. சிற்றூர் வாழ்வின் இனிமையைப் பாடிய அமெரிக்க இலக்கியத்தில் 1919, 1920 ஆம் ஆண்டுகளில் ஷேர்வுட் அண்டர்சன், சிங்கிளயர் லூயிஸ் ஆகியோரின் நூல்கள் அவ்வாழ்வின் வெறுமையையும் இறுக்கத்தையும் எடுத்துக்காட்டின. பெல்டிங்ஸ்வில் போன்ற ஊர் ஒன்று உண்டென்பதையே புதிய வாசகர் நம்பவில்லை. அக்காலத்திலேயே 'பொலியன்னா' என்பது ஏளனச் சொல்லாக வழங்கலாயிற்று. போட்டர் அம்மையார் உயிரோடிருந்தபோதே இவ்வேளனத்தை உணர்ந்து, துன்பத்தையும் நோவையும் தீமையையும் இல்லையெனச் சொல்வது தம் கருத்தன்றென்றும், வருவதை மலர்ந்த முகத்துடன் எதிர்கொள்வது மேலென்பதே தாம் கருதியதென்றும் விளக்கமளித்தார். ஆயின் ஒரு முறை வசையான பெயரை ஆசிரியரின் விளக்கம் மீட்பதில்லை.

இவ்விடத்து ஓர் ஒப்புமை பயன்தரும். வால்டேயர் 1759 இல் எழுதிய 'கந்தீத்' என்னும் கதையில் வரும் பங்கிளொஸ் என்னும் ஆசிரியனும் மிகை நம்பிக்கைக்குப் பெயர்போனவன். 1755 இல் லிஸ்பன் நகரத்தை அழித்த பூகம்பத்தைக் கண்டும், இவ்வுலகே இயலக்கூடிய உலகங்களுட் சிறந்ததென வாதிட்டவன் அவன். ஆங்கிலேயர் பங்கிளொஸையும் பொலியன்னாவையும் ஒரே தட்டில் வைப்பர். இது பொருந்தாது. பங்கிளொஸ் உலகத்தைப் பற்றி ஒரு கோட்பாடு கூறுகின்றான். பிறர் துன்பத்துக்கு நியாயங் கற்பிக்கின்றான். பொலியன்னா கோட்பாடெதுவும் கூறவில்லை. பொம்மை வராதது நன்றென அவள் சொல்லவில்லை. வந்த ஊன்றுகோலை வைத்துக்கொண்டு என் செய்யலாம் என்றே தேடுகின்றாள். முன்னது தத்துவம்; பின்னது பயிற்சி. இவ்வேறுபாட்டை ஏளனஞ் செய்தோர் கருதவில்லை.

ஏளனத்துக்கு நூலின் பின்வரவுகளும் ஓரளவு காரணமாயின. ஆசிரியர் மறைந்தபின் பதிப்பகத்தார் 1924 முதல் வேறு எழுத்தாளர்களைக் கொண்டு பொலியன்னாவின் திருமணம், இல்வாழ்வு, பயணம் எனத் தொடர் நூல்களை எழுதுவித்தனர். மூல நூலிலிருந்த கூர்மை இவற்றில் மழுங்கியது. இனிமை மட்டும் எஞ்சியது. பலர் அறிந்த பொலியன்னா இத்தொடர்களின் பொலியன்னாவே.

திரையும் பிறநாட்டாரும்

1960 இல் வோல்ற் டிஸ்னி நிறுவனம் இக்கதையைப் படமாக்கியது. ஹேலி மில்ஸ் என்னும் சிறுமி அதில் நடித்துச் சிறுவர்க்கான ஒஸ்கார் விருது பெற்றார். படத்தை இயக்கிய டேவிட் சுவிப்ற் கதையிற் சில மாற்றங்கள் செய்தார். செல்வச் சீமாட்டியின் சொல்லுக்கு அஞ்சி வாழும் ஊரார், அனாதை இல்லம் ஒன்றைப் புதிதாய்க் கட்டுதற்குத் தாமே பொருள் திரட்டத் துணிவதாகக் கதை விரிக்கப்பட்டது. சிறுமியின் மகிழ்ச்சி இங்கே ஊராரின் தன்மானத்துக்குத் தூண்டுகோலாகின்றது. இதே படத்தில், மனிதரிடம் தீமையைத் தேடுவோர் தீமையையே காண்பர் என்னும் கருத்துடைய வாசகமொன்று ஆபிரகாம் லிங்கனின் கூற்றாகக் காட்டப்பட்டது. உண்மையில் அது இயக்குநர் தாமே எழுதியது. அதனைப் பொறித்துப் பதக்கங்களும் விற்கப்பட்டன. உண்மை தெரிந்தபின் அவை மீளப்பெறப்பட்டன. நல்ல கருத்தென்றால் அதற்குப் பெரியார் ஒருவரின் பெயரை ஒட்டிவிடும் வழக்கத்துக்கு இதுவொரு சான்றாகும்.

1989 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த 'பொலி' என்னும் இசைப்படம் இன்னும் துணிந்த மறுவாசிப்பாகும். அதில் நடித்தோர் பெரும்பாலும் கறுப்பினத்தவர். கதை நிகழும் இடம் 1950 களின் அலபாமா மாநிலம். இனவொதுக்கல் சட்டமாய் நிலவிய மண்ணில், கறுப்பினச் சிறுமியொருத்தி மகிழ்தற்குரிய காரணத்தைத் தேடுகின்றாள் எனும்போது அச்செயலின் பொருளே வேறாகின்றது. ஒடுக்கப்பட்டோர் தம் உள்ளத்தை ஒடுக்குவோரிடம் ஒப்புவிக்க மறுக்கும் செயலாக அது தோன்றுகின்றது.

பிறநாட்டு வாசகரும் தத்தமக்கேற்ப அவளை ஏற்றனர். யப்பானில் 'பச்சை முகட்டு வீட்டு ஆன்' நூலைப் பெயர்த்த முரயோக்கா ஹனக்கோ அம்மையார் இதனையும் யப்பானிய மொழியிற் பெயர்த்தார். 1986 இல் அது அங்கே தொலைக்காட்சிச் சித்திரத் தொடராகியது. பிரேசிலில் அந்நாட்டுச் சிறுவர் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் மொன்ரெய்ரோ லொபாத்தோ 1934 இல் அதனைப் போர்த்துக்கேய மொழியில் தந்தார். 2018 இலும் அங்கு அக்கதை தொலைக்காட்சித் தொடராய் வந்தது. துருக்கியிற் கல்வியமைச்சு மாணவர்க்கென வகுத்த நூறு நூல்களின் வரிசையில் பொலியன்னா இடம்பெற்றது. அவ்வரிசை நூல்களைச் சில பதிப்பகத்தார் தம் சமய நோக்குக்கேற்பத் திருத்தி, அயல்நாட்டுக் கதைமாந்தர் வாயில் இஸ்லாமியத் தொடர்களை வைத்தமை 2006 இல் வெளிப்பட்டுப் பெரும் விவாதமாயிற்று. கிறித்தவப் போதகரின் மகளை இன்னொரு சமயத்தின் வாயாக்கிய இச்செயல், ஒவ்வொருவரும் அவளிடத்துத் தம்மையே காண விழைந்தனர் என்பதைத் தெளிவாய்க் காட்டுகின்றது.

உளநூலாரும் மறுப்போரும்

1969 இல் பவுச்சர், ஒஸ்குட் என்னும் உளநூலறிஞர் இருவர், மனிதர் தம் பேச்சில் நற்பொருட் சொற்களையே தீப்பொருட் சொற்களிலும் மிகுதியாகவும் எளிதாகவும் வழங்குகின்றனர் என்னும் கருதுகோளுக்குப் பொலியன்னாவின் பெயரைச் சூட்டினர். 1978 இல் மற்லின், ஸ்ராங் என்போர் 'பொலியன்னா நியதி' என்னும் பெயரால் ஒரு நூலே எழுதினர். 2015 இற் பத்து மொழிகளின் சொற்களை ஆராய்ந்த அறிஞர் குழுவொன்றும் இதற்கு ஆதரவான முடிவையே வெளியிட்டது. ஏளனச் சொல்லாயிருந்த பெயர் இவ்வாறு அறிவியற் சொல்லாயிற்று. ஒரு பேதையின் இயல்பென நகைக்கப்பட்டது மனித இனத்தின் பொதுவியல்பெனக் காணப்பட்டமை நகைத்தோரை நோக்கி எழும் நகைப்பேயாம்.

மறுபுறம், மகிழ்ச்சியைக் கடமையாக்கும் போக்கை வன்மையாகக் கண்டித்தோரும் உளர். 1952 இல் நோர்மன் வின்சன்ற் பீல் என்னும் போதகர் வெளியிட்ட நன்னம்பிக்கைச் சிந்தனையின் ஆற்றல் பற்றிய நூல் பல இலட்சம் பிரதிகள் விற்றது. அதன்பின் வணிக நிறுவனங்களும் மருத்துவமனைகளும் மலர்ந்த முகத்தை எதிர்பார்க்கலாயின. பார்பரா ஏரன்றைக் என்னும் எழுத்தாளர் தமக்கு மார்புப் புற்றுநோய் கண்டபோது, அழவும் சினக்கவும் இடமின்றி மகிழ்ச்சியே எங்கும் வற்புறுத்தப்பட்டதைக் கண்டு, 2009 இல் அப்போக்கை மறுத்து நூல் எழுதினார். நம்பிக்கையூட்டல், வேலையிழந்தோனையும் நோயுற்றோனையும் அவர்தம் நிலைக்கு அவர்களே காரணரெனக் குற்றஞ் சாட்டுதற்கு வழியாகும் என்பது அவர் வாதம்.

உடற்குறையுடையோர் நோக்கிலிருந்தும் மறுப்பு எழுந்தது. லொயிஸ் கீத் என்னும் ஆய்வாளர் 2001 இல் வெளியிட்ட நூலில், 'ஹைடி', 'பொலியன்னா' முதலிய கதைகளில் நடக்க இயலாத பிள்ளை இறுதியில் நடந்தேயாக வேண்டும் என்னும் நியதி நிலவுவதை எடுத்துக்காட்டினார். நடக்கவியலாது வாழ்தலும் ஒரு வாழ்வே என்பதை இக்கதைகள் ஏற்பதில்லை. குணம் திருந்தியவர்க்குக் கால் திரும்பும் என்பது போன்ற ஒரு போதனை இவற்றில் மறைந்துள்ளது. இக்குற்றச்சாட்டு வலியது. ஊன்றுகோல் வேண்டாமையால் மகிழ்வோம் என்று தொடங்கும் விளையாட்டு, ஊன்றுகோல் வேண்டுவோன் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதைப் போட்டர் அம்மையார் எண்ணினாரல்லர்.

மீண்டும் நூலை நோக்குங்கால்

இவ்வாறு போற்றியும் எள்ளியும் மறுத்தும் வந்த வாசகர் பலருள், நூலின் எழுத்தையே ஊன்றி நோக்கியோர் சிலரே. 2014 இல், நூல் வெளிவந்த நூற்றாண்டு நிறைவையொட்டி, மிசிசிப்பிப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அறிஞர் கட்டுரைகளின் தொகுதியொன்றை வெளியிட்டது. அதன்பின் இந்நாவலை எளிய நீதிக்கதையென ஒதுக்குதல் அரிதாயிற்று.

நூலிற் கூர்ந்து நோக்கத்தக்க செய்திகள் மூன்று உள. முதலாவது, சிறுமியின் மகிழ்ச்சி தண்டனையை வலியிழக்கச் செய்கின்றது. உணவுக்குப் பிந்தி வந்தமைக்காக, சமையலறையில் ரொட்டியும் பாலும் மட்டும் உண்க என்கிறார் சிறிய தாயார். அவ்விரண்டும் தனக்குப் பிரியமென மகிழ்கின்றாள் சிறுமி. கூரைமேற் படுத்து உறங்கியமைக்காகத் தம் கட்டிலிலேயே உறங்குக என்கிறார். அதனைப் பெரும்பேறாகக் கொள்கின்றாள். அதிகாரம் தண்டிக்க முயலுந்தோறும் தோற்கின்றது. அவள் வெளிப்படையாய் எதிர்த்தும் பேசுகின்றாள். படிப்பும் தையலும் சமையலும் இசையுமாக நாள் முழுவதையும் அம்மையார் வகுத்தபோது, வாழ்வதற்கு நேரமெங்கே என்று வினவுகின்றாள். கீழ்ப்படிதலைக் கற்பிக்கும் நூலில் இவ்வினா இடம்பெறாது.

இரண்டாவது, விளையாட்டின் எல்லையை நூலே கூறுகின்றது. பிறர்க்குக் கற்பித்தவள், தன் கால்கள் செயலற்றபோது மகிழ்தற்குரியதொன்றையும் காணாது தவிக்கின்றாள். பிறர் துன்பத்தில் விளையாடுவது எளிது, தன் துன்பத்தில் அரிது என்பதை அவள் வாயாலேயே ஆசிரியர் சொல்லுவிக்கின்றார். அவளை மீட்டது அவளுடைய விளையாட்டன்று. அவளைத் தேடிவந்த மனிதரே.

மூன்றாவது, அற வழங்கலைப் பற்றிய அங்கதம். அனாதை இல்லத்தின் நெரிசலிலிருந்து வெளியேறி, தன்னை விரும்பி ஏற்கும் வீடொன்றைத் தேடுகின்றான் ஜிம்மி பீன் என்னும் சிறுவன். அவனுக்காகப் பொலியன்னா ஊரின் மாதர் உதவிச் சங்கத்திடம் மன்றாடுகின்றாள். அம்மாதர் மறுக்கின்றனர். இந்துக்களிடையே நடைபெறும் மிசன் பணிக்கு அவர்தம் சங்கம் அளிக்கும் பொருள் குறைந்துவிடும் என்பதும், ஆண்டறிக்கையின் பட்டியலில் தம் சங்கத்தின் பெயர் முதலிடத்திலிருந்து இறங்கிவிடும் என்பதுமே காரணம். வாயிலில் நிற்கும் பிள்ளை கண்ணிற் படவில்லை. தொலைவிலுள்ள பிள்ளையும் ஒரு தொகையாக மட்டுமே கண்ணிற் பட்டது.

இவ்வத்தியாயம் யாழ்ப்பாணத்து வாசகர்க்குத் தனிப்பொருள் உடையது. பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிசன் 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்தது. அதன் விடுதிப் பாடசாலைகளிற் பயின்ற தமிழ்ப் பிள்ளைகள் பலர்க்கு, நியூ இங்கிலாந்தின் சபைகளும் மாதரும் அனுப்பிய பொருளே உணவும் உடையுமாயிற்று. கொடையாளரின் பெயர்களே அவர்களுக்குச் சூட்டவும் பட்டன. அக்கல்வியால் விளைந்த நன்மை பெரிது. ஆயின், கொடைக்கு ஈடாகப் பெற்றோர் இட்ட பெயரையே பிள்ளை இழக்க நேர்ந்ததும் வரலாறே. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை, இத்தகைய ஈடு கேளாத கல்வியைத் தர எழுந்ததெனலாம்.

இக்கோணத்தில் நோக்குங்கால், பொம்மை கேட்ட குழந்தைக்கு ஊன்றுகோல் வந்த கதை புதிய ஒளி பெறுகின்றது. பொலியன்னா வழங்குவோர் பக்கத்தவளல்லள். மிசன் பீப்பாய்களை நம்பி வளர்ந்தவள், பெறுவோர் பக்கத்தவள். கொடையாளர் கேளாமலே அனுப்பியதைக் கொண்டு காலங்கழித்த பிள்ளைகளின் வரிசையில், மேற்கு அமெரிக்காவின் போதகர் மகளும் கீழைத் தேயத்துப் பிள்ளைகளும் அருகருகே நிற்கின்றனர். மகிழ்ச்சி விளையாட்டு, வேண்டியதைப் பெறாதோர் தம் தன்மானத்தைக் காத்துக்கொள்ளக் கண்ட வழியாகும். அதனைக் கண்டறியும் நிலைக்கு ஒரு குழந்தையைத் தள்ளிய அறத்தையும் நூல் உடன்வைத்துக் காட்டுகின்றது.

முடிவு

துன்பத்தில் நகைத்தல் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் 'இடுக்கணழியாமை' என்னும் அதிகாரம் 63 ஆவதாக நிற்கின்றது. அதற்கு முன் நிற்பது 'ஆள்வினையுடைமை'. முயற்சியைக் கூறிய பின்னரே, இடையில் வரும் துன்பத்தால் தளராமையை வள்ளுவர் கூறுகின்றார். இரண்டும் ஆற்றலும் பொறுப்பும் உடையோரை நோக்கிய அரசியலின்பாற்பட்டன. வலியோன் தன் துன்பத்தை நோக்கி நகுதல் ஆண்மை. வலியோன் எளியோனை நோக்கி, உன் துன்பத்துக்கு நீ நகு என்றல் ஆண்மையாகாது.

பொலியன்னாவைப் பற்றிய நூற்றாண்டு விவாதத்தின் முடிச்சும் இங்கேயே உளது. ஒரே சொல் சொல்வோனைப் பொறுத்துப் பொருள் மாறுகின்றது. தந்தையும் மகளும் ஒரே வறுமையில் அமர்ந்து விளையாடியபோது அது ஆறுதல். படுக்கையிலுள்ள சிறுமிக்காகச் சிறிய தாயார் தாமும் அதனைக் கற்றபோது அது அன்பு. வேலையாளுக்கு முதலாளியும், நோயாளிக்கு நலமுடையோரும் அதனை விதித்தபோது அது வாயடைப்பு. முதல் வாசகர் ஆறுதலைக் கண்டு போற்றினர். இடைக்காலத்தார் வாயடைப்பைக் கண்டு எள்ளினர். இருவரும் நூலின் ஒவ்வொரு பகுதியைக் கண்டனரேயன்றிப் பொய் கண்டாரல்லர்.

2002 இல் லிற்றில்ரன் ஊரார் தம் நூல்நிலையத்தின் முன் கைகளை விரித்து நிற்கும் பொலியன்னாவின் சிலையை நிறுவினர். அச்சிலையைக் கண்டு மகிழ்வோர், அவள் வேண்டிய பொம்மை கடைசிவரை வரவில்லை என்பதையும் நினைத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு நன்னம்பிக்கையைக் கற்பிக்க முற்படும் பெற்றோரும் ஆசிரியரும், அப்பிள்ளை கேட்டது யாது, தாம் கொடுத்தது யாது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.